கடத்தல் என்று ஏன் சொல்கிறோம்?

சூசன் சொன்டாக்கின் 'எய்ட்ஸும் அதன் உருவகங்களும்' (1989) நூலை இரண்டாவது முறை வாசித்தேன். நோயைப் போர்மொழியில் பேசுவது கடைசியில் நோயாளியையே களங்கப்படுத்துகிறது என்பது அவர் வாதம். 'முழுசா ஒத்துக்கிறேன்' என்று ஓரத்தில் எழுதிவைத்தேன். அடுத்த வாரமே, தொற்றோடு வாழும் ஒரு நண்பரிடம் "வைரஸ் நம்ம செல்லைக் கடத்திடுது" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தபடி கேட்டார்: "அப்போ நான் யாருங்க, கடத்தப்பட்ட வண்டியா?"

பதில் இல்லை. சரி, உள்ளே உண்மையில் என்னதான் நடக்கிறது?

எச்ஐவி தன் மரபணுவை நம் டி செல்லின் டிஎன்ஏவில் சேர்க்கிறது. அதற்கான நொதிகளை அதுவே கொண்டுவருகிறது. ஆனால், சேர்ந்தபின் அதை ஆர்என்ஏவாகப் படியெடுக்க அதனிடம் சொந்த நொதி கிடையாது. நம்முடைய ஆர்என்ஏ பாலிமரேஸ் 2தான் படியெடுக்கிறது. அதுவும் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். நம் சொந்த மரபணுக்கள் பலவற்றிலும் இப்படித்தான் நிற்கும். மறுபடி நகர, சிடிகே9 என்கிற நம் நொதி அங்கே பாஸ்பேட்டை ஒட்டவேண்டும். டாட் என்ற சின்ன வைரஸ் புரதம், அப்போதுதான் உருவான ஆர்என்ஏவின் நுனியைப் பிடித்துக்கொண்டு, சிடிகே9ஐயும் அதன் துணையான சைக்ளின் டி1ஐயும் அங்கே கூட்டிவருகிறது. அவ்வளவுதான்.

ஓய்விலிருக்கும் செல்லில் சைக்ளின் டி1 குறைவு. அதனால் வைரஸும் பெரும்பாலும் சத்தமில்லாமல் கிடக்கும். இன்றைய மாத்திரைகள் பெருக்கத்தைத் தடுக்கும். இந்த மௌனத்தைத் தொடாது. விட்டால் திரும்ப வரும். அதனால்தான் சிகிச்சை ஆயுள் முழுக்க.

இதில் எதிரி எங்கே, நாம் எங்கே? கோடு போட்டுப் பாருங்கள், முடியாது. சொன்டாக் போர் உருவகத்தை அறத்தின் பக்கம் நின்று மறுத்தார். அது தப்பான வர்ணனையும்கூட என்று இந்த நொதிகளைக் காட்டி மறுக்க அவருக்கு வழியில்லை. சைக்ளின் டி1 பற்றித் தெரியவந்ததே 1998ல்தான். இன்று எழுதுகிற நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

தமிழில் நாம் வைத்த பெயரோ 'உயிர்க்கொல்லி நோய்'. சிகிச்சையால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. ஆனாலும் அந்தப் பெயர் அவரை விடுவதில்லை.

'கூட்டிவருகிறது' என்று நான் எழுதியதும் உருவகம்தான். ஆனால், அதைக் கேட்டு என் நண்பர் தான் யாரென்று விளக்கம் கேட்கவேண்டியிருக்காது.