மறதி நோயும் காப்பீட்டு அட்டையும்

பூதப்பாண்டிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் உண்டு. ஐம்பது ஆண்டு வயல் பார்த்தவர். ஆடி மாதம் கன்னிப்பூ நெல் வயலில் நிற்கும்போதே, "கும்பப்பூ அறுத்தாச்சா மக்களே?" என்கிறார். பதில் சொன்ன ஐந்தாம் நிமிடம் மீண்டும் அதே கேள்வி. வயதானால் இப்படித்தான் என்று வீட்டார் இரண்டாண்டு இருந்துவிட்டனர். பிறகு ஒரு நரம்பியல் மருத்துவர், இது அல்சைமர் வகை மறதி நோய் என்று கூறி மாத்திரை எழுதினார். மகள் காப்பீட்டு அட்டையை நீட்டினார். "இதற்கு அது செல்லாதம்மா" என்று பதில் வந்தது.

ஏன் செல்லாது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைபெறுகிறது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உதவி கிடைக்கும். இதனால் இதய அறுவை செய்துகொண்டு பிழைத்தவர்கள் நம் ஊரிலேயே பலர். குறை கூறுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் இத்திட்டம் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. 2024இல் 70 வயது நிறைந்த எல்லோருக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டமும் அவ்வாறே. வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தோடு அதன் கணக்கு முடிகிறது.

இயற்பியல் ஆசிரியன் ஆகையால் எனக்கு ஒரு பாடம் நினைவுக்கு வருகிறது. மட்டை பந்தை அடிக்கையில் பெரிய விசை நொடிப்பொழுதே செயல்படுகிறது. சிறிய விசை நெடுநேரம் தள்ளினாலும் அதே உந்தமாற்றம் ஏற்படக்கூடும். விசையைக் காலத்தால் பெருக்கிப் பார் என்று மாணவரிடம் ஓயாமல் சொல்கிறோம். திட்டத்தை வகுத்தவர்கள் விசையை மட்டுமே அளந்தார்கள்!

மருந்தின் பயன்தான் என்ன? நினைவாற்றலுக்குத் துணைபுரியும் அசெடைல்கோலினை மூளையில் ஒரு நொதி சிதைக்கிறது. 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோனெபெசில் அந்நொதியைத் தடுக்கிறது. நோய் நிற்பதில்லை, சிலருக்குச் சில காலம் அறிகுறிகள் தணியும், அவ்வளவே. இதற்கு அரசுப் பணம் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அடுகானுமாப் என்ற மருந்துக்கு முதலில் ஆண்டுக்கு 56,000 டாலர் விலை வைத்தனர். பயனோ ஐயத்துக்குரியது. ஆகவே அங்குள்ள முதியோர் காப்பீடான மெடிகேர், 2022இல், ஆய்வுகளில் சேர்ந்தோருக்கு மட்டுமே பணம் தருவதாக அறிவித்தது. அது பயனை எடைபோட்டுச் செய்த மறுப்பு. நமது டோனெபெசிலோ காப்புரிமை முடிந்து, பல நிறுவனங்கள் செய்யும் சாதாரண மாத்திரை. அதை யாரும் எடைபோட்டு விலக்கவில்லை. நோயாளி படுக்கையில் சேரவில்லை, ஆகவே பணமில்லை.

இதில் இன்னொரு கேடும் உண்டு. தைராய்டுக் குறைவும் வைட்டமின் பி12 குறைவும் மறதி நோய் போலவே தோற்றம் காட்டலாம். இவை மருந்தால் சீராகக் கூடியவை. அட்டை உதவாது என்றறிந்த குடும்பம் சோதனைக்கே போகாவிட்டால் இதைக் கண்டுபிடிப்பது யார்?

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை இருக்கிறதே என்பீர்கள். உண்மை. ஆனால் வழி மறந்தவரைப் பேருந்து மாற்றி அழைத்துச் செல்ல ஒருவர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்தக்கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தருகிறது. அதே பையில் இம்மாத்திரையும் வரலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்த்து, பயனில்லையேல் நிறுத்திவிடலாம்.

பெரியவரின் மகள் இப்போது கையில் காசு உள்ளபோது பத்துப் பத்து மாத்திரையாக வாங்குகிறார். அட்டை அலமாரியில் இருக்கிறது.