வளைத்துக் கட்டிய ஆண்டெனா: பத்து காவானிலிருந்து ஒரு மதிப்பீடு

பினாங்கு மாநிலத்தின் பத்து காவானில் காரை நிறுத்தி 7 மெகாஹெர்ட்ஸில் அழைக்கும் ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்) ஒருவருக்கு இரவில் ஜப்பானிலிருந்துகூடப் பதில் வந்துவிடும். நேர்கோட்டில் நூறு கிலோமீட்டரில் இருக்கும் ஈப்போவிலிருந்து வராது. பொழுதுபோக்குக்காகப் பேசுபவருக்கு இது வேடிக்கை. வெள்ளம், புயல் என்றால் உதவலாம் என்று காரில் ரேடியோ பொருத்தியவருக்கு இதுவே தலைவலி. இதற்கு ஹாம்கள் நெடுநாளாகக் கையாளும் மருந்து, காரின் விப் ஆண்டெனாவைப் பின்பக்கமாக வளைத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டுவது. அந்த மருந்து எங்கே வேலை செய்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பதே இங்கே கேள்வி.

முதலில் நிலத்தைப் பார்க்கலாம். பத்து காவான் தட்டையான கடலோரம். மேற்கே கடலுக்கு அப்பால் 833 மீட்டர் உயரப் பினாங்குக் கொடிமலை. வடக்கே கெடாவில் 1,217 மீட்டர் குனோங் ஜெராய். இப்படிப்பட்ட உச்சியில் ஒரு ரிப்பீட்டர் இருந்தால் வி.எச்.எஃப். பகுதியின் 2 மீட்டர் அலைவரிசையில், அரை மீட்டர் கம்பியைக் காரின் கூரையில் வைத்துக்கொண்டே நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் தெளிவாகப் பேசலாம். ஆனால் அந்த வசதி முழுவதும் ஒரே கோபுரத்தையும் அதன் மின்சாரத்தையும் நம்பியிருக்கிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் வேறு குறுக்கே நிற்கிறது. ஏறக்குறைய 220 கிலோமீட்டரில் உள்ள கோத்தா பாருவுக்கும் 270 கிலோமீட்டரில் உள்ள கோலாலம்பூருக்கும் நேரடியாகப் பேச வி.எச்.எஃப். போதாது.

அங்கேதான் சிற்றலைக்கு வேலை வருகிறது, சிக்கலும் அங்கேதான். நிமிர்ந்து நிற்கும் விப் தன் அலைகளை அடிவானத்தை ஒட்டி அனுப்புகிறது. தரையோடு போகும் அலை சில பத்துக் கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். வானத்துக்குப் போனது அயனி மண்டலத்தில் சாய்வாகப் பட்டு, பல நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள ஊமை வளையத்தில்தான் ஈப்போவும் கோலாலம்பூரும் அகப்படுகின்றன. நெட்டுக்குத்தாக மேலே போய்ச் சுற்றிலும் கொட்டும் நீரூற்றைப்போல அலையைத் தலைக்கு மேலே அனுப்பினால் வளையம் நிரம்பிவிடும், மலையும் தடையாகாது. ஹாம்கள் இதை என்.வி.ஐ.எஸ். என்பார்கள்.

இந்த உத்தி புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை வாகனங்களின் கூரைமேல் கட்டில் சட்டம் போன்ற ஆண்டெனாக்கள் படுத்திருந்தன. மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தரையலையை விழுங்கிய காட்டுக்குள் ரோந்துப் படைகள் மரத்துக்கு மரம் கம்பி கட்டி வானலையை நம்பின. ஹாம் காரின் வளைந்த விப் அந்தப் பரம்பரையின் கடைசிப் பிள்ளை.

அதன் பலங்கள் மெய்யானவை. நிமிர்ந்த விப் உச்சந்தலைக்கு மேலே ஏறக்குறைய ஒன்றும் அனுப்புவதில்லை. வளைத்ததும் ஓரளவு அனுப்பத் தொடங்குகிறது. செலவு ஒரு நைலான் கயிறும் ஒரு கொக்கியும்தான். வண்டி ஓடும்போதே பேசலாம்.

பினாங்குக்கென்றே இன்னொரு அனுகூலமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவில் தும்பா அருகே போவதுபோல மலாய்த் தீபகற்பத்திலும் பினாங்குக்குச் சற்று வடக்கே போகிறது. அந்தப் பகுதியில் காந்தப்புலம் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக, வடக்கு–தெற்காகக் கிடக்கிறது. மேலே செல்லும் அலையை அதே வடக்கு–தெற்குத் திசையில் படுத்த கம்பி அனுப்பினால், பகலில் அயனி மண்டலம் அதைக் குறைவாகவே உறிஞ்சும். கிழக்கு–மேற்குக் கம்பியின் அலைக்கு இழப்பு கூடுதல். 1960களில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தார் தாய்லாந்தில் ஆராய்ந்து சொன்னது இது. வளைத்த விப் காரின் நீளவாக்கில் படுத்திருப்பதால், வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஓடும்போது திசை தானாகவே பொருந்திவிடும். அதே கார் பத்து காவானில் திரும்பி, 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலத்தில் பத்து மாவுங் நோக்கி ஏறினால், கம்பி கிழக்கு–மேற்காகிவிடுகிறது. பாலத்தில் சிக்னல் சரிந்தால் ரேடியோவைக் குறைசொல்ல வேண்டாம்.

இனிக் குறைகள். 7 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 42 மீட்டர்; காரின் விப் 2.4 மீட்டர். இவ்வளவு குட்டையான ஆண்டெனாவின் கதிர்வீச்சுத் தடை அடியில் கணக்கிட்டால் ஒன்றேகால் ஓம் அளவுதான். நீளக்குறையை ஈடுசெய்யும் காயிலில் நாலைந்து ஓம், காரின் உடலிலும் தரையிலும் இன்னும் ஐந்தாறு ஓம் வெப்பமாகப் போகும். ஆக, ரேடியோ தரும் 100 வாட்டில் வானத்துக்குப் போவது பத்து வாட் பக்கம். 3.5 மெகாஹெர்ட்ஸில் இரண்டு வாட் தேறினால் அதிகம். வளைத்துத் தரைக்கு நெருக்கமாகக் கொண்டுவரும்போது இதிலும் ஒரு பங்கு குறைகிறது.

ரேடியோவுக்கும் ஆண்டெனாவுக்கும் உள்ள பொருத்தத்தை அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் இந்த இழப்பைக் காட்டிக்கொடுப்பதில்லை, மறைத்துவைக்கிறது. காந்த அடியில் ஒட்டவைத்த விப்பில், தடையை 50 ஓமுக்குப் பொருத்தும் காயில் ஏதுமில்லாமலே மீட்டர் 1:1 காட்டினால், நல்ல ஆண்டெனா அமைந்தது என்று மகிழ்வதற்கில்லை. குறைந்த தடையுள்ள ஆண்டெனா 50 ஓம் ஆனது எப்படி என்று கேட்க வேண்டும். விடை பெரும்பாலும் இழப்புதான். காரின் உலோகத்தோடு போல்ட் போட்டு இணைத்து, டிக்கி மூடி, பானெட், சைலன்சர் குழாய் ஆகியவற்றைப் பின்னிய செம்புப் பட்டையால் உடலோடு சேர்த்தால் மீட்டர் சற்றே மோசமாகும், பேச்சு தெளிவாகும்.

இன்னும் நுட்பமான ஏமாற்று ஒன்று உண்டு. சிற்றலையில் பின்னணி இரைச்சல் வெளியிலிருந்து வருவது. திறன் குறைந்த ஆண்டெனா சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே குறைப்பதால், கேட்பதில் பெரிய நட்டம் தெரியாது. அனுப்பும்போது மட்டும் முழு நட்டமும் விழும். காரிலிருப்பவருக்குக் கோலாலம்பூர் கணீரென்று கேட்கும். அவர் குரல் கோலாலம்பூருக்கு எட்டாது. எதிர்முனையில் ஆள் கவனிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். நெருக்கடி நேரத்தில் இந்தத் தவறான நம்பிக்கை ஆபத்தானது.

வண்டியை நிறுத்திக் கம்பியை இழுத்தால் கணக்கு மாறுகிறது. பக்கத்துக்குப் பத்து மீட்டர் வீதம் இருபது மீட்டர் டைபோலை நான்கு மீட்டர் உயரத்தில் வடக்கு–தெற்காகக் கட்டினால், மீன்பிடிக் கழிகள் இரண்டே தாங்கிவிடும். வளைத்த விப்பைவிட எதிர்முனையில் பத்து டெசிபல் அளவு, அதாவது எஸ்-மீட்டரில் ஏறக்குறைய இரண்டு புள்ளி கூடுதலாகக் கிடைக்கலாம். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ், பின்னிரவில் அது நழுவினால் நீளக்கம்பியோடு 3.5.

டைபோலுக்கும் குறை இல்லாமல் இல்லை. ஆள் இறங்க வேண்டும், இடம் வேண்டும், இருபது நிமிடம் வேண்டும். தொழிற்பேட்டை விளக்குகளின், மின்மாற்றிகளின் இரைச்சலை அது இன்னும் நன்றாகவே வாங்கும்; செம்பனை ஓரமாகவோ கடலோரமாகவோ தள்ளிப் போக வேண்டியிருக்கும். இடி நெருங்கினால் கழற்றியாக வேண்டும். மாலைக்குமேல் நடுக்கோட்டு அயனி மண்டலம் கலங்கி, சிக்னல் படபடக்கும் நாட்களில் டைபோலும் விப்பும் ஒன்றுபோலத் தடுமாறும்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் மழையும் காற்றும் பினாங்கை முடக்கியதுபோன்ற நாளில் எது உதவும்? 2004 சுனாமி ஒரு முன்மாதிரி தருகிறது. அப்போது தற்செயலாக அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் குழு வெளியுலகுக்குத் தகவல் அனுப்பியது. பிறகு கார் நிகோபாருக்கும் ஹாம்கள் போய் நிலையம் அமைத்தார்கள். போர்ட் பிளேருக்கும் கார் நிகோபாருக்கும் இடையே சுமார் 270 கிலோமீட்டர். பத்து காவானுக்கும் கோலாலம்பூருக்கும் இருக்கும் அதே தூரம். அங்கே பயன்பட்டது, போய் இறங்கி நிறுவிய நிலையம்.

ஆகவே வளைத்த விப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை; அதன் இடம் எதுவென்று தெரிந்தால் போதும். ஓடும்போது உள்ளூருக்கு வி.எச்.எஃப்., வட்டாரத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வளைத்த விப், செய்தி போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும் என்றால் நிறுத்திக் கட்டும் கம்பி. கூடவே காசு செலவில்லாத ஓர் ஒப்பந்தமும் தேவை. ஒரு முனை வடக்கு–தெற்கும் மறுமுனை கிழக்கு–மேற்குமாக இருந்தால் இருவரும் நட்டப்படுவார்கள். எனவே கெடாவிலிருந்து ஜொகூர் வரை அவசரகாலப் பயிற்சியில் சேரும் எல்லா நிலையங்களும் கம்பியை வடக்கு–தெற்காகவே கட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். பயிற்சியின் வெற்றியை ‘கேட்டேன்’ என்ற பதிவால் அளப்பதைவிட, ‘என்னைக் கேட்டார்கள்’ என்ற பதிவால் அளந்தால் எந்தக் காரின் ஆண்டெனா உண்மையில் வேலை செய்கிறது என்பது ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்துவிடும்.