களைந்தவர்களும் களையப்பட்டவர்களும்

நிர்வாண யோகா வகுப்புகளுக்கான அறிவிப்புகளில் நான் அடிக்கடி காணும் வாக்கியம் ஒன்று உண்டு: இது இந்தியாவின் தொன்மையான மரபு. பத்துப் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் ஆடையின்றிக் கூடி ஆசனங்கள் செய்வார்கள். பிறகு கண்மூடித் தியானத்தில் அமர்வார்கள். உடல் பற்றிய கூச்சம் அகலும், எல்லோரும் சமமாவார்கள் என்பது வாக்குறுதி. இதைக் கேள்விப்படும் நம்மவர்களில் ஒரு சாரார், வெள்ளைக்காரர்கள் யோகத்தை அசிங்கப்படுத்துகிறார்கள் என்று கொதிக்கிறார்கள். மறுசாரார், எல்லாம் நம் முன்னோர் செய்ததுதான் என்று பூரிக்கிறார்கள். இரு சாராரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த அறையில் ஆடையைக் களைபவர் யார்? எந்த நிலையில் நின்று களைகிறார்?

ஆடை துறந்தவர்கள் இந்தியாவில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். திகம்பர சமண முனிவர்களும் நாகா சாதுக்களும் நமக்குத் தெரிந்தவர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தருடன் வந்த கிரேக்கர்கள் தட்சசீலத்தில் அத்தகைய துறவிகளைக் கண்டு எழுதிவைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டின் அக்கமகாதேவி கூந்தலையே ஆடையாகக் கொண்டார் என்கிறது கன்னட மரபு. ஆனால் இவர்கள் ஆடையோடு வீட்டையும் உடைமையையும் உறவையும் விட்டவர்கள். பயிற்சி முடிந்து மாட்டிக்கொள்ள இவர்களுக்குக் கொக்கியில் சட்டை தொங்கவில்லை. அந்தத் துறவைத் தமிழ்ச் சமூகம் எப்போதும் வணங்கியதும் இல்லை. தேவாரம் பாடியவர்கள் சமண முனிவர்களின் ஆடையின்மையைக் கடுமையாக எள்ளியிருக்கிறார்கள். ‘அம்மணம்’ என்ற நம் அன்றாடச் சொல்லே ‘அமணம்’ என்பதிலிருந்து வந்தது என்பார்கள். ஒரு சமயத்தாரின் பெயர், தெருவில் குழந்தையை அதட்டும் சொல்லாகிவிட்டது.

யோக நூல்களிலும் குழுவுக்கு இடமில்லை. 15ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை, சாதகன் தனிமையில் ஒரு சிறு குடிலில் பயில வேண்டும் என்கிறது. மனிதர் சகவாசத்தை யோகத்தைக் கெடுப்பவற்றில் ஒன்றாக எண்ணுகிறது. வரிசையாக நின்று ஆசனம் பயிலும் வகுப்பு பெரிதும் 20ஆம் நூற்றாண்டின் ஆக்கம். 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் சிறுவர்களுக்கு நடத்திய வகுப்புகள் அதில் முக்கியமானவை. ஆக, குழுவாகவும் ஆடையின்றியும் செய்யும் யோகத்துக்குப் பூர்வீகம் தேடினால் இமயமலைக்குப் போவதைவிட பெர்லினுக்குப் போவது நல்லது.

நான் வாழும் அந்த ஊரில், கோடையில் ஏரிக்கரையில் ஆடையின்றி வெயில் காய்பவர்களைக் காண்பது அதிசயமல்ல. அந்தப் பழக்கத்தின் வரலாறு இரண்டு பெயர்களில் அடங்கிவிடுகிறது. அடோல்ஃப் கோக் சோசலிஸ்ட், பள்ளி ஆசிரியர். 1920களில் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நிர்வாண உடற்பயிற்சி கற்பித்தார். நெரிசலான வீடுகளில் வெளிச்சமின்றி வளர்ந்த உடல்களுக்கு வெயிலும் காற்றும் வேண்டும் என்பது அவர் வாதம். ஹான்ஸ் சூரேன் இராணுவ அதிகாரி. 1924இல் அவர் எழுதிய ‘மனிதனும் சூரியனும்’ பல பதிப்புகள் கண்டது. 1933இல் நாஜிகள் கோக்கின் பள்ளிகளை மூடினார்கள். சூரேனின் புத்தகமோ 1936இல் ஆரிய உணர்வைத் துணைத்தலைப்பிலேயே சுமந்துகொண்டு புதுப்பதிப்பாக வந்தது. பயிற்சி ஏறத்தாழ ஒன்றுதான். ஒருவருக்கு அது வர்க்க விடுதலை, மற்றவருக்கு இனத் தூய்மை. ஆடையைக் கழற்றினால் அரசியலும் கழன்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இரு பெயர்களையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதன் அடுத்த அத்தியாயம் கலிபோர்னியாவில் நடக்கிறது. அங்கே 1967இல் பால் பிண்ட்ரிம் என்ற உளவியலாளர் நிர்வாணக் குழுச் சிகிச்சையைத் தொடங்கினார். ஆடையோடு மனத்தடைகளும் விழும் என்பது அவர் கொள்கை. இன்றைய யோகா வகுப்புகள் சொல்வதும் ஏறக்குறைய அதுவே. க்வென் டேவிஸ் மிட்செல் என்ற நாவலாசிரியர் அவருடைய குழுவில் சேர்ந்தார். நடந்ததை எழுதமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். இரண்டு மாதத்தில் டபிள்டே பதிப்பகத்தோடு ஒரு நாவலுக்கு 1,50,000 டாலர் முன்பணம் பேசினார். ‘டச்சிங்’ என்ற அந்த நாவலில் நிர்வாணச் சிகிச்சை நடத்தும் ஒரு மருத்துவர் வருகிறார். அந்த மருத்துவர் நான்தான், ஆனால் நான் அப்படி வசைமொழி பேசுகிறவன் அல்ல என்று பிண்ட்ரிம் அவதூறு வழக்குத் தொடுத்தார். தம் அமர்வுகளின் ஒலிநாடாக்களையே சான்றாகக் கொடுத்தார். 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது.

புனைவெழுத்தாளரின் உரிமை பற்றிய விவாதங்களில் இந்த வழக்கு இன்றும் பேசப்படுகிறது. எனக்கு அந்த அறையின் காட்சியே முக்கியமாகப் படுகிறது. எல்லோரும் ஆடை களைந்திருக்கிறார்கள். ஆனால் நடத்துபவரிடம் ஒலிப்பதிவுக் கருவியும் ஒப்பந்தமும் இருக்கின்றன. வந்தவர்களில் ஒருவரிடம் எழுத வேண்டிய நாவல் இருக்கிறது. மென்பொருள் துறையில் ரகசியக் காப்பு ஒப்பந்தங்களோடு காலம் தள்ளும் எனக்கு, இருவரும் முழுமையாக உடுத்தியிருப்பதாகவே தோன்றுகிறது. அங்கே உண்மையில் வெறுமையாக இருந்தவர்கள், கருவியும் நாவலும் இல்லாமல் தம் துயரத்தை மட்டும் சொல்ல வந்த மற்றவர்கள்.

அறிவிப்புகள் இன்னொன்றும் சொல்கின்றன: உடல் பற்றிய வெட்கம் காலனியம் கொண்டுவந்தது, அதற்கு முன் இந்தியர்கள் சுதந்திரமாக இருந்தார்கள். இதற்கு நம்மிடம் வலுவான பதில் உண்டு. தென்திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டம் உள்ளிட்ட பகுதியில், நாடார் பெண்கள் மேல்சாதியினர் முன் மார்பை மறைக்கக் கூடாது என்பது வழக்கம். மறைத்தவர்களின் துணி பொதுவெளியில் கிழிக்கப்பட்டது. தோள்சீலைப் போராட்டம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நீண்டது. 1859இல் மன்னர் உத்திரம் திருநாள் மறைத்துக்கொள்ள அனுமதி தந்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்தப் பெண்களுக்குத் திறந்த மார்பு விடுதலை அல்ல, சாதி இட்ட முத்திரை. ஒரு முழத் துணிதான் விடுதலை. அவர்களுடைய கொள்ளுப்பேத்திகள் இன்று டொரோண்டோவிலும் சிட்னியிலும் இருக்கக்கூடும். ‘உங்கள் மரபுதானே, என்ன தயக்கம்?’ என்று யோகா தோழி கேட்டால் அவர்கள் சொல்வதற்கு இது இருக்கிறது.

இதனால் அந்த வகுப்புகள் கூடாது என்று நான் சொல்லவில்லை. அறுவைசிகிச்சைத் தழும்போடு, பேறுகாலத்துக்குப் பின் மாறிப்போன வயிற்றோடு வருகிற ஒருவருக்கு, பிறரும் தன்னைப் போலத்தான் என்று காண்பது பெரிய ஆறுதல். அந்த ஆறுதலுக்கு ரிஷிகளின் சான்றிதழ் தேவையில்லை. அவர் அறிய வேண்டியவை எளியவை. விரும்பினால் உடுத்திக்கொண்டே அமரலாமா? நடத்துபவரும் களைகிறாரா? கைபேசிகள் எங்கே வைக்கப்படுகின்றன? புகார் சொல்ல வேறொருவர் இருக்கிறாரா? இவற்றுக்கு நேரான பதில் கிடைக்கிற இடத்தில் தாராளமாகக் கண்மூடி அமரலாம். பதிலுக்குப் பதிலாக நம் முன்னோரின் பெருமை கிடைத்தால், சட்டைப் பொத்தானில் கைவைக்காமல் திரும்பிவிடுவது நல்லது.