நாற்பதைத் தாண்டாதீங்க சார்

எஞ்சின் வேலை முடித்து வண்டியைக் கையில் கொடுக்கும்போது மெக்கானிக் தவறாமல் சொல்வார்: “ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதீங்க சார்.” சாவியோடு வந்துவிடும் இந்த விதியை ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. பழைய அம்பாசடர், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டது. லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடித்து ஒதுக்கிவிட்டுப் போக, மாட்டு வண்டிக்காரரைப் போல இடது ஓரமாகவே ஆயிரம் கிலோமீட்டரையும் ஓட்டி முடித்தேன். அதன் பிறகும் வண்டி ஆயில் குடித்தது. நானூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். ஹெட்டைக் கழற்றினால் சிலிண்டரின் போர் கண்ணாடிபோல மின்னியது. “வேகமா ஓட்டியிருக்கீங்க” என்றார்கள். அந்த ஒரு வரிதான் என்னை இந்த விஷயத்தைத் துருவ வைத்தது.

இந்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அது பிறந்த காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. ஆலையிலிருந்து வெளிவந்த புது எஞ்சின்கள்கூட அன்று இறுக்கமாகவே இருந்தன. இங்கிலாந்தில் புதுக் காரின் பின் கண்ணாடியில் “ரன்னிங் இன், பிளீஸ் பாஸ்” என்று அட்டை ஒட்டிக்கொண்டு ஓட்டினார்கள். நம் அம்பாசடரே அந்த ஊர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. அம்பாசடர் தயாரான உத்தர்பாரா ஆலைக்கு அச்சுகள் வந்தபோது கூடவே இந்த எச்சரிக்கையும் கப்பல் ஏறி வந்திருக்க வேண்டும்.

லேத்தில் கடைந்த உலோகம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் பூதக்கண்ணாடிக்கு அது மேடு பள்ளம்தான். புதிதாகக் கூடும் இரு பரப்புகளின் மேடுகள் உரசித் தேயும்வரை உராய்வு அதிகம், சூடும் அதிகம். நெடுநேரம் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்தால் பிஸ்டன் விரிந்து போரைக் கவ்வும். எஞ்சின் சீஸ் ஆகும். ஆகவே ‘அதிகம் சுற்ற விடாதே, தொடர்ந்து சூடேற்றாதே’ என்ற அளவில் அந்த விதி நியாயமானதே.

அந்த விதி தவறுவது ரிங் விஷயத்தில். பிஸ்டன் ரிங் தன் வில்விசையால் மட்டும் போரோடு ஒட்டுவதில்லை. எரிவாயு அழுத்தம் ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதைச் சுவரோடு தள்ள வேண்டும். மூச்சுக் கொடுக்காமல் மெதுவாகவே ஓட்டினால் அந்த அழுத்தம் வருவதில்லை. ஹோனிங் செய்யும்போது போரின் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போடுகிறார்களே, அவற்றுக்கு இரண்டு வேலை: பள்ளத்தில் ஆயிலைப் பிடித்துவைப்பது, மேட்டால் ரிங்கைத் தேய்த்து வழிக்குக் கொண்டுவருவது. முதல் சில மணி நேர ஓட்டத்தில் இது நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் ரிங்கைத் தாண்டி மேலேறும் ஆயில் சூட்டில் கருகி, வார்னிஷ்போல அந்தக் கோடுகளை மூடிவிடும். என் வண்டியில் மின்னியது அந்த வார்னிஷ்தான். பிறகு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் உட்காராது. மறுபடி பிரித்து ஹோன் செய்யத்தான் வேண்டும்.

விமான எஞ்சின்காரர்கள் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள். சிறு விமானங்களுக்கு எஞ்சின் செய்யும் லைகமிங் நிறுவனம், புது சிலிண்டர் போட்ட எஞ்சினை 65 முதல் 75 சதவீதத் திறனில் பறக்கவிடச் சொல்கிறது. கலப்பில்லாத மினரல் ஆயிலை ஊற்றி, ஆயில் செலவு நிலைப்படும்வரை, அல்லது 50 மணி நேரம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறப்பவனுக்கே “மெதுவாகப் போ” என்று அவர்கள் சொல்லவில்லை.

‘நாற்பது’ என்ற எண்ணுக்கு இன்னொரு கோளாறும் உண்டு. அது ஸ்பீடோமீட்டரைப் பார்க்கிறது, கியரைப் பார்ப்பதில்லை. டாப் கியரில் நாற்பதில் ஒரு மேட்டை ஏறினால் எஞ்சின் திணறும். பேரிங்கில் பாரம் கூடும், ஆயில் படலம் மெலியும். விதியை அட்சரம் பிசகாமல் காப்பாற்றிக்கொண்டே எஞ்சினைக் கெடுக்கலாம்.

ஆயிரம் கிலோமீட்டரைப் பற்றி இவ்வளவு பேசும் பட்டறைகள் முதல் இருபது நிமிடத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. அம்பாசடர் போன்ற பழைய எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட் நேராக டேப்பட்டின் மேல் உரசுகிறது. அங்கே ஆயில் பெரும்பாலும் கிராங்க் வாரி இறைப்பதால் வருவது. ஐட்லிங்கில் அந்த இறைப்பு போதாது. புதுக் கேம் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து இருபது நிமிடம் 2000-2500 ஆர்.பி.எம்.மில் வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் நடப்பது நேர் எதிர். ‘செட் ஆகட்டும்’ என்று ராத்திரி முழுக்க ஐட்லிங்கில் ஓடவிட்டு மெக்கானிக் டீ குடிக்கப் போவார். கேமுக்கும் கேடு, ரிங்குக்கும் கேடு. இதற்கு நான் எந்த நியாயமும் காணவில்லை.

ஆயிலும் மாறிவிட்டது. கேமைக் காக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்று 2004-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரம், மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கியது. ‘விலை கூடியது, நல்லது’ என்று பழைய எஞ்சினுக்குப் புதுக் கார் ஆயிலை ஊற்றுவது அதனால் உபகாரம் ஆகாது.

ஷோரூமிலிருந்து வரும் இன்றைய காருக்கு இந்தக் கவலை குறைவு. ஹோனிங்கின் கூர்முனைகளை ஆலையிலேயே மழித்துவிடுகிறார்கள், பலவற்றில் கேமுக்கும் வால்வுக்கும் இடையே உருளும் ரோலர் இருக்கிறது. இருந்தும் பல கையேடுகளில் ‘ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதீர்கள்’ என்ற வரி இருக்கும். விதியின் உயிரே அந்த வரியில்தான் என்பேன். நாம் அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டோம். எண் பட்டறைக்கு வசதியானது. வேலையில் குறை வந்தால் பழியை ஓட்டியவர் தலையில் போடலாம், நாற்பதைத் தாண்டவில்லை என்று அவரால் நிரூபிக்கவா முடியும்?

இரண்டாம் முறை ஹோன் செய்து புது ரிங் போட்டபோது மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்தே ஓட்டினேன். எஞ்சின் சூடேறியதும் மூன்றாவது கியரில் 30-இலிருந்து 60 வரை திடமாக இழுப்பது, காலை எடுத்துத் தானாகவே 30-க்கு இறங்க விடுவது, இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. முதல் ஆயிலை ஐம்பது கிலோமீட்டரிலேயே வடித்தோம். தட்டில் உலோகத்தூள் பொன்வண்ணமாக மினுங்கியது. ஆயிரம் கிலோமீட்டர் காத்திருந்தால் அவ்வளவும் பேரிங்குகளுக்குள் சுற்றியிருக்கும். உங்கள் எஞ்சின் பட்டறையில் இருந்தால் அந்த முதல் ஆயில் மாற்றத்துக்கான காசை இப்போதே எடுத்துவையுங்கள், முதல் ஸ்டார்ட்டின்போது நீங்களும் அங்கே நில்லுங்கள்.