சிமெண்ட் குதிரை

நிலைக்காத பொதுவெளிக் கலை மேற்கிலிருந்து வந்திறங்கிய புதுச் சரக்கு என்ற பேச்சு ஓவியக் கூட்டங்களில் பலமாகக் கேட்கிறது. கலைஞர் கிறிஸ்டோவின் திட்டப்படி 2021இல் பாரிஸ் வெற்றி வளைவைத் துணியால் போர்த்தி 16 நாளில் அவிழ்த்தார்கள். 2020இல் சென்னைக் கண்ணகி நகர்ச் சுவர்களில் வண்ணம் ஏறியது. அதற்கு முன் இங்கே ஒன்றுமே இல்லையாம். இப்படிச் சொல்பவர்கள் திண்டுக்கல்லுக்கும் வருகிறார்கள். தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயில் தூண்களில் ரதியையும் மன்மதனையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்து ஊர் அகரம். அங்கே முத்தாலம்மனுக்கு ஐப்பசியில் புது மண்ணில் உடம்பு செய்து, கண் திறந்து, ஊர்வலம் விட்டு, பூஞ்சோலைக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த முறை விழா சாட்டும்போது மறுபடியும் மண் பிசைய வேண்டும்.

மண் பிசையும் குயவரின் பழங்கதையைச் சுருக்கிவிடலாம். நற்றிணையில் நொச்சி மாலை சூடித் தெருவில் விழா அறிவிப்பவர் குயவர்; புறநானூற்றில் தாழி வனையச் சொல்லி வேண்டப்படுபவரும் அவரே. பிறகு கல்லிலும் செம்பிலும் மயங்கிய கலை வரலாறு அவரை மறந்தது. 1968இல் ஸ்டெல்லா கிராம்ரிஷ் பிலடெல்பியாவில் நடத்திய ‘அறியப்படாத இந்தியா’ கண்காட்சி கிராமத்துச் சடங்குக் கலையை அருங்காட்சியகத்தில் ஏற்றியது. நல்ல காரியந்தான். கூடவே, எதையும் காப்பாற்றி வைக்கும் நோயும் தொற்றிக்கொண்டது.

1980களில் மதுரைப் பக்கத்துக் குயவர்களான வேளார்களை ஆராய்ந்த ஸ்டீபன் இங்லிஸ்தான் விஷயத்தின் வேரைத் தொட்டார். கல்லிலும் உலோகத்திலும் வேலை செய்யும் கம்மாளர் நிலைத்திருக்கச் செய்கிறார்கள். வேளாரோ உடைந்து மறுபடி செய்யப்படுவதற்கென்றே செய்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். நம் விமரிசகர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

கோயிலுக்கு மண் குதிரை எடுக்கும் புரவி எடுப்பைப் பாருங்கள். வேலையை ஒப்படைக்கும் அடையாளமாக ஊர் கூடிப் பிடிமண் கொடுத்தால்தான் வேளார் வேலையில் கைவைப்பார். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, நான்கு கால்களையும் உள்ளே கூடு விட்ட குழாய்களாக எழுப்பி, அவை இறுகியபின்தான் வயிற்றை ஏற்றுவார். சூளைச் சூட்டில் வெடிக்காமலிருக்க ஆங்காங்கே துளை விடுவார். காணிக்கையாக நிறுத்தியபின் அந்தக் குதிரையை யாரும் பழுது பார்ப்பதில்லை. காது போகும், கால் போகும், மேலே கொடி படரும். அடுத்த எடுப்புக்குப் புதிது வரும்.

இன்று பல கோயில் வாசல்களில் எனாமல் பூசிய சிமெண்ட் குதிரை பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. ஒருமுறை செலவு, அப்புறம் கவலையில்லை என்கிறார்கள். ஊருக்குக் கவலை விட்டது. வேளாருக்குப் பிடிமண் நின்றது. வேலை வராத வீட்டில் பிள்ளை எதற்கு மண் மிதிக்கும்?

ஆகவே பழைய குதிரைக்குக் கூரை போடுங்கள், கம்பி வேலி கட்டுங்கள் என்ற கோரிக்கைகளில் எனக்கு உவப்பில்லை. அரசின் பூம்புகார் கைவினை விற்பனைக் கூடத்தின் அலமாரிக் குதிரையும் புரவி எடுப்புக்கு ஈடாகாது. குளத்துக் களிமண்ணும் வண்டலும் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024இல் அரசு விதியைத் தளர்த்தியது; மண்பாண்டத் தொழிலாளருக்கும் அது பொருந்தும். மண்ணுக்கு வழி பிறந்துவிட்டது. திருவிழாக் கணக்கில் சிமெண்டுக்கு எழுதும் தொகையை ஊர்ப் பெரியவர்கள் வேளார் கையில் கொடுக்கட்டும். பத்து வருஷத்தில் குதிரை சரிந்தால் சரியட்டும்.