டிஸ்க், ஸ்ட்ரீமிங், ஃபைல்: யாங்கூன் வீட்டில் எது தெளிவாகக் கேட்கிறது?

யாங்கூன் நகர மையத்து ஃபிளாட் என்றால் பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம் என்பது ஏறக்குறைய எழுதப்படாத சட்டம். தெருவைப் பார்த்தபடி கூடம், அதற்குப் பின்னால் அறைகள், கடைசியில் அடுப்படி. டிவியும் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் அந்தக் கூடத்துக்குள்தான் அடங்க வேண்டும். கீழே தெருவில் கூவி விற்பவர்களின் குரல் ஓயாது. கரண்ட் போனால் வாசலுக்கு வாசல் ஜெனரேட்டர் உறுமும். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை வேறு. ஹோம் தியேட்டர் ஒலி பற்றி வரும் பெரும்பாலான விமர்சனங்கள் சத்தம் புகாத அறையில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. இந்த ஒப்பீடு இப்படிப்பட்ட ஒரு கூடத்தில் நடந்தது.

ஒரே படத்தை டிஸ்க்கிலும், ஸ்ட்ரீமிங்கிலும், ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஃபைலாகவும் போட்டுக் கேட்டால் எதில் ஒலி நன்றாக இருக்கிறது? இதுதான் கேள்வி. சோதனைக்கு எடுத்துக்கொண்ட படம் அல்ஃபோன்சோ குவாரோனின் ‘ரோமா’ (2018). நெட்ஃபிளிக்ஸின் சொந்தப் படம் அது. அதையே 2020 பிப்ரவரியில் கிரைட்டீரியன் நிறுவனம் ப்ளூ-ரேயாகவும் கொண்டுவந்தது. இரண்டிலும் டால்பி அட்மாஸ் ஒலித்தடம் இருப்பதால் ஒப்பிடுவதற்குத் தோதானது. இன்னொரு காரணமும் உண்டு. பின்னணி இசையே இல்லாத படம் இது. தரை கழுவும் தண்ணீர், தலைக்கு மேலே போகும் விமானம், வீட்டைக் கடந்து போகும் தெரு வியாபாரிகள், கடைசியில் கடல் என்று சத்தங்களே கதையை நகர்த்துகின்றன. அந்த மெக்சிகோ நகரத் தெரு யாங்கூன்வாசியின் காதுக்கு அந்நியமாகவே படாது.

முதலில் கணக்கு. ப்ளூ-ரேயில் அட்மாஸ் வருவது ட்ரூஎச்டி என்ற வடிவத்தில். ஸ்டூடியோவில் முடித்த ஒலியில் எதையும் கழிக்காமல் சுருக்கி வைக்கும் முறை அது. நொடிக்கு 18 மெகாபிட் வரை போக டிஸ்க்கில் வழி உண்டு. நெட்ஃபிளிக்ஸ் அனுப்புவது டால்பி டிஜிட்டல் பிளஸ். காது கவனிக்காது என்று கணித்த பகுதிகளை நீக்கிவிட்டு மிச்சத்தை அனுப்பும் முறை. அட்மாஸுக்கு 448 முதல் 768 கிலோபிட் வரை, சாதாரண 5.1க்கு 192 முதல் 640 கிலோபிட் வரை. 2019இல் இந்த ஏற்பாட்டை அறிவித்தபோது, 5.1 ஒலியில் 640 கிலோபிட் இருந்தால் மூலத்துக்கும் அதற்கும் காதால் வேறுபாடு காண முடியாது என்று தங்கள் சோதனைகளை வைத்து நெட்ஃபிளிக்ஸ் சொன்னது. 135 நிமிட ‘ரோமா’வின் ஒலி, உச்ச வேகத்தில் வந்தாலும் மொத்தமாக 800 மெகாபைட்டைத் தாண்டாது. இரட்டை அடுக்கு ப்ளூ-ரே டிஸ்க்கில் 50 ஜிபி இடம் இருக்கிறது.

கேட்க உட்காரும் முன் செய்தே ஆக வேண்டிய வேலை ஒன்று: மூன்றின் ஒலியளவையும் ஒன்றாக்குவது. சற்றே உரக்கக் கேட்பதைத் தரமானது என்று காது நம்பிவிடும். ஒரே வசனத்தை மூன்றிலும் ஓடவிட்டு, செல்போனில் உள்ள டெசிபல் மீட்டரால் அளந்து, வால்யூமைச் சரி செய்த பிறகு போடும் ஒப்பீட்டுக்குத்தான் மதிப்பு. இதைச் செய்யாமல் ‘ஸ்ட்ரீமிங்கில் பேஸ் இல்லை’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வால்யூமைத்தான் விமர்சிக்கிறார்கள்.

கரண்ட் இருந்த, தெரு அடங்கிய பின்னிரவில் கடற்கரைக் காட்சி. பிள்ளைகளை மீட்கப் பணிப்பெண் க்ளேயோ தண்ணீருக்குள் இறங்க இறங்க, அலை முன்னாலிருந்து பக்கவாட்டுக்கும் பிறகு முதுகுக்குப் பின்னாலும் வருகிறது. டிஸ்க்கில், அலை உடைந்தபின் நுரை மணலில் இழுபடும் சீறல் தனியாகப் பிரிந்து கேட்கிறது. ஸ்ட்ரீமிங்கிலும் அது இருக்கிறது. ஆனால் அலையின் இரைச்சலோடு கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. வசனத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை. தெரு வியாபாரிகளின் குரல் இடமிருந்து வலமாக நகர்வதிலும் இல்லை. ஆக, இணையம் சீராக இருக்கும் வரை ஸ்ட்ரீமிங் இழப்பது சொற்பம். இதை ஒப்புக்கொள்ளாத டிஸ்க் அபிமானிகள் மிகைப்படுத்துகிறார்கள்.

ஃபைலைப் பொறுத்தவரை, சொந்த டிஸ்க்கிலிருந்து ஒலித்தடத்தைத் தொடாமல் அப்படியே எடுத்த எம்கேவி ஃபைலும் டிஸ்க்கும் ஒன்றேதான். அதே பிட்டுகள் போனால் அதே ஒலிதான் வரும்.

ஆனால் அதே பிட்டுகள் போய்ச் சேர்கின்றனவா என்பதில்தான் பல வீடுகள் கோட்டை விடுகின்றன. ரிசீவரின் முகப்பில் இருக்கும் சின்ன எழுத்துகளைப் பார்க்க வேண்டும். அங்கே ‘ட்ரூஎச்டி’ என்று வந்தால் சரி. ‘பிசிஎம் 2.0’ என்று வந்தால் ஆண்ட்ராய்டு பெட்டி ஒலியை ஸ்டீரியோவாகப் பிசைந்து அனுப்புகிறது என்று பொருள். செட்டிங்ஸில் பாஸ்த்ரூவை ஆன் செய்ய வேண்டும். ஆப்டிகல் கேபிள் ட்ரூஎச்டியையும் கடத்தாது, டால்பி டிஜிட்டல் பிளஸையும் கடத்தாது. டிவியின் சாதாரண ஏஆர்சி வழியே பிளஸ் போகும். ட்ரூஎச்டிக்கு இஏஆர்சி வேண்டும். டிடிஎஸ் தடம் உள்ள ஃபைலை பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினால் படம் மட்டும் ஓடி, சத்தமே வராத வீடுகளும் உண்டு. 2018 முதல் வந்த சாம்சங் டிவிகளிலும், 2020 முதல் 2022 வரை வந்த எல்ஜி மாடல்களிலும் டிடிஎஸ் வசதி எடுக்கப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். இதை அறியாமல் ஃபைலைக் குறை சொல்லி அழித்தவர்கள் ஏராளம்.

இனி யாங்கூனின் நிஜம். நான்கு மணி நேரம் கரண்ட், அடுத்த நான்கு மணி நேரம் இருட்டு என்ற முறைவைப்பு இங்கே பழகிப்போனது. மோசமான மாதங்களில் இருட்டு எட்டு மணி நேரமாக நீளும். கரண்ட் போனதும் தெருவில் ஜெனரேட்டர்கள் கிளம்ப, அதே கடற்கரைக் காட்சியை இன்வெர்ட்டரில் மறுபடியும் போட்டால், நுரையின் சீறல் டிஸ்க்கிலும் காணாமல் போகிறது. ட்ரூஎச்டி, பிளஸ் எல்லாம் ஒரே குரல்தான். மென்மையான ஒலிகள் தெரு இரைச்சலுக்குக் கீழே மூழ்கிவிட்டால், பிட்ரேட் எத்தனை என்பதற்கு அர்த்தமே இல்லை. ஜன்னலுக்குத் தடித்த திரையும் கதவிடுக்குக்கு ரப்பர் பட்டையும் போட்டால் கிடைக்கும் முன்னேற்றம், ஸ்ட்ரீமிங்கை விட்டு டிஸ்க்குக்கு மாறுவதால் கிடைப்பதை விடப் பெரிது.

இன்வெர்ட்டரிலும் கவனம் வேண்டும். மலிவான, சைன்வேவ் அல்லாத வகையில் ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மரே ரீங்காரமிடும். அந்த ‘ம்ம்ம்’ படம் முழுக்கத் தொடரும். ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்ட்ரீமிங்குக்கு மின்சாரம் மட்டும் போதாது, இணையமும் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியிலேயே மியான்மருக்கு வந்துவிட்டது. ஆப்பிள் மியூசிக் 2020இல் வந்தது. ஆனால் 2021 பிப்ரவரி ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் இரவு ஒரு மணி முதல் காலை ஒன்பது வரை இணையமே நிறுத்தப்பட்ட காலத்தை இந்த நகரம் மறக்கவில்லை. வேகம் குறையும்போது செயலி முதலில் படத்தை மங்கலாக்குகிறது. அது கண்ணுக்குத் தெரியும். ஒலி 640லிருந்து 192 கிலோபிட்டுக்கு இறங்குவதை யாரும் அறிவிப்பதில்லை. கைதட்டல், மழை, கூட்டத்தின் ஆரவாரம் ஆகியவை ஒரே சலசலப்பாகக் கேட்டால், இறங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

ஃபைல் கலாசாரம் இங்கே புதிதல்ல. நடைபாதைக் கடைகளில் விசிடியும் டிவிடியும் அடுக்கி விற்ற காலத்தைத் தொடர்ந்து, செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டும் படமும் ஏற்றிக்கொடுக்கும் பழக்கம் வந்தது. ஸாப்யா என்ற ஃபைல் பகிரும் செயலியில் அவை கைக்குக் கை மாறின. திருட்டு நகல் என்ற பிரச்சினை ஒரு பக்கம் இருக்க, ஒலிக்கும் அவை கேடுதான். பலமுறை சுருக்கப்பட்ட ஃபைலின் பெயரில் ‘5.1’ என்றோ ‘ஃபிளாக்’ என்றோ எழுதிவிட்டால் போன ஒலி திரும்பாது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் அப்படிப்பட்ட பாட்டைத் திறந்தால் உண்மை தெரியும்: 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல் கறுப்பாக இருந்தால், அது 128 கிலோபிட் எம்பி3யாக இருந்து வேஷம் மாறிய பாட்டு என்றே சந்தேகிக்கலாம்.

தமிழ்ப் படங்களுக்கு வந்தால் கதை வேறு. ப்ளூ-ரேயில் வந்தவை குறைவு. வெளிநாட்டுத் தமிழர் வீடுகளை நிறைத்தவை லண்டனின் ஐங்கரன் போன்ற நிறுவனங்களின் டிவிடிகள். அவற்றில் டால்பி டிஜிட்டல் என்றால் உச்சம் 448 கிலோபிட், டிடிஎஸ் என்றால் பெரும்பாலும் 754. இன்றைய அளவில் இவை சிறிய எண்கள். ஆனாலும் அந்தப் படங்களில் பல இணையத்தில் வெறும் ஸ்டீரியோவாகவே கிடைக்கின்றன. 5.1 கலவைக்காக அந்தப் பழைய டிவிடியைப் பத்திரப்படுத்துவது நியாயமே. யாங்கூன் ஈரத்தில் டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகக் கூடாது.

பன்னிரண்டரை அடி அகலத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. அந்த இரு சுவர்களுக்கு நடுவே 45 ஹெர்ட்ஸ் ஒலி தேங்கி நிற்கும். வெடிச் சத்தங்களின் அடிநாதம் விழும் இடம் அது. சப்வூஃபரை மூலையில் வைத்தால் ஒவ்வொரு குண்டும் ஒரே ‘கும்’மாகக் கேட்கும். டிஸ்க் போட்டாலும் அது போகாது. முன்சுவரின் நடுப்பகுதிக்கு நகர்த்தியதும் இந்தக் கூடத்தில் ‘ரோமா’வின் கடலுக்கு ஆழம் வந்தது, செலவு எதுவும் இல்லை.

ஒலித்தரத்தில் டிஸ்க்குக்கும் அதிலிருந்து அப்படியே எடுத்த ஃபைலுக்கும் முதலிடம்; ஸ்ட்ரீமிங் நல்ல நாளில் அவற்றை நெருங்கி வருகிறது, மற்ற நாட்களில் பின்தங்குகிறது. யாங்கூனில் அன்றாடம் பயன்படுத்தச் சிறந்தது ஃபைல்தான்: இணையம் வேண்டாம், பூஞ்சை பிடிக்காது, கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ஓடும். கையில் அளவான பணம் இருப்பவர்கள் முதலில் ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டர் வாங்கட்டும். அடுத்து, பிடித்த படங்களின் டிஸ்க்குகளும் அவற்றை ஏற்றிவைக்க ஒரு ஹார்ட் டிஸ்க்கும். அட்மாஸுக்காக நெட்ஃபிளிக்ஸ் பிரீமியம் சந்தா கட்டுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.