நாணும் நோயும் மருந்தும்

கெடா மாநிலத்தில் மெர்போக் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த மீனவர் ஊர் தஞ்சோங் டாவாய். திணை வகுத்து நோக்கின் அது நெய்தல் நிலம். இரங்கலே அதன் உரிப்பொருள். அங்கிருந்து உள்நாடு நோக்கிச் சென்றால் பீடோங், சுங்கைப்பட்டாணி எனத் தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தோட்டங்களும் நகரங்களும் வரும். இந்நாட்டு மக்கள் உள்ளத்து நோயை வெளியே சொல்லத் தயங்குவதற்கு ஓர் ஊர்ப்பெயரே சான்றாகும். பேராக்கில் 1911ஆம் ஆண்டு மனநோய் மருத்துவமனை அமைந்த தஞ்சோங் ரம்புத்தான், பேச்சுவழக்கில் பித்தைச் சுட்டும் சொல்லாகவே ஆகிவிட்டது. நோயைச் சொல்லவே நாணுவோர், அதற்கு உண்ணும் மருந்து தம் காம வேட்கையைக் குறைத்துவிட்டது என்பதை எங்ஙனம் சொல்வர்? அகப்பாடல்கள் இவ்வினாவுக்கு ஒரு வழி காட்டுகின்றன.

வெறியாட்டு என்பது வகுப்பறைகளில் நன்கு அறியப்பட்ட துறை. தலைவி உணவை வெறுத்து, உறக்கம் இழந்து, மேனி பசந்து மெலிகின்றாள். காரணம் அறியாத தாய் வேலனை அழைக்கின்றாள். அவன் முருகு அணங்கியது எனக் கூறி, ஆட்டை அறுத்து வெறியாடுகின்றான். உண்மைக் காரணமோ தலைவன்பால் கொண்ட காதல். தலைவியின் வாயை நாண் அடைத்துவிடுகின்றது. தோழியே அறத்தொடு நின்று உண்மையை உணர்த்துகின்றாள். இத்துறையை மூடநம்பிக்கைக்கு எதிரான குரலாக மட்டும் விளக்குவதுண்டு. அவ்விளக்கம் நிறைவுடையதன்று. வேலன் அறியாமையால் மட்டும் தவறவில்லை. அவனிடம் எவரும் உண்மையைச் சொல்லவில்லை. அவனும் தலைவியை வினவவில்லை. சொல்லாத வாயும் கேளாத செவியும் சேர்ந்தே பிழையான மருத்துவத்தை உண்டாக்கின.

வள்ளுவரும் இதனை நன்கு உணர்ந்தவர். காமத்துப்பாலில் ‘நாணுத்துறவுரைத்தல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ‘படர்மெலிந்திரங்கல்’ அதிகாரத்துத் தலைவி, நோயை மறைக்கவும் இயலாமல், அதனைத் தந்தவனிடம் உரைக்கவும் நாணி, இரண்டுக்கும் இடையே தவிக்கின்றாள். ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளோ மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்காகப் பகுக்கின்றது. நோயாளி ஊமையாகிவிடின் ஏனைய மூன்றும் இருந்தும் பயனில்லை.

இக்கால மருத்துவமும் இவ்வுண்மையைக் காலந்தாழ்த்தியே கண்டது. அமெரிக்காவில் 1987இல் ஒப்புதல் பெற்ற புளுவாக்செட்டினும், அதனைத் தொடர்ந்து வந்த செர்ட்டிரலின், பராக்செட்டின் முதலியனவும் மூளையில் செரோடோனின் என்னும் வேதிப்பொருளின் செயலை மிகுவிப்பன. இவற்றால் உளச்சோர்வு தணிந்து உயிர்பிழைத்தோர் பலர். ஆயினும் உண்பவர் பலருக்கு வேட்கை குன்றுகின்றது, உடற்கிளர்ச்சி குறைகின்றது, கூடலின்பத்தின் நிறைவு காலந்தாழ்கின்றது அல்லது வாராமலே போகின்றது. 1997இல் ஸ்பெயின் மருத்துவர்கள் 344 நோயாளிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். இக்குறையைத் தாமாக எடுத்துரைத்தோர் நூற்றுக்கு 14 பேர். மருத்துவர் நேரே வினவியபோது தெரிவித்தோர் 58 பேர். குறை முன்பே இருந்தது. வினவிய பின்னரே வெளிவந்தது. தோழி செய்த பணியை ஈண்டு மருத்துவரின் கேள்வி செய்தது.

எனினும் இவ்வொப்புமையை அளவின்றி நீட்டலாகாது. தலைவியின் மெலிவு வேட்கை மிகுதியால் வந்தது. இங்கோ வேட்கை குன்றியதே குறை. முன்னதற்குப் பசலை, படர், அணங்கு எனச் சொற்களை அள்ளித் தந்த அகமரபு, பின்னதற்கு அத்தகைய சொல்வளம் தரவில்லை. மேலும், உளச்சோர்வு தானே வேட்கையைக் குறைக்கும் இயல்பினது. குறை மாத்திரைக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்பதை வினவி அறிந்தாலன்றி மருத்துவம் நேர்வழியில் செல்லாது.

சொல் இல்லாத இடத்தில் ஐயம் குடிபுகும். தஞ்சோங் டாவாயில் ஒரு கணவன் இம்மருந்தை உண்கின்றான் என்று கொள்வோம். மனைவி அவன் அன்பு வற்றியது என நினைக்கின்றாள். அவன் தன் ஆண்மை அழிந்தது என நினைக்கின்றான். இருவரும் பேசுவதில்லை. ஒருநாள் மாத்திரைகள் குப்பைக்குப் போகின்றன. திடீரென நிறுத்துவதால் தலைசுற்றலும் உறக்கமின்மையும் பதற்றமும் வரலாம். அடங்கிய நோயும் மீளலாம். பேசியிருந்தால் மருத்துவர் அளவைக் குறைத்திருக்கலாம்; இக்குறை அருகியே தோன்றும் புப்ரோப்பியான், மிர்ட்டாசபின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றியிருக்கலாம். சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னரும் குறை நீடிக்கக்கூடும் என்பதை மருந்துக் குறிப்பேடுகளில் சேர்க்குமாறு 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைத்தது. ஆதலின் முதல் மாத்திரைக்கு முன்னரே இதனை எடுத்துரைப்பது மருத்துவர் கடன்.

காமத்துப்பாலைத் தயங்கித் தயங்கிக் கற்பிக்கும் வகுப்பில் மாணவர் கற்பது குறளையன்று, தயக்கத்தையே. வெறியாட்டுப் பாடலில் தோழி ஏன் பேசினாள் என்பதைத் தெளிவாக உணர்ந்த மாணவன், நாளை தன் வீட்டில் ஒருவர் மெலியும்போது வேலனைத் தேடி ஓடமாட்டான். முதலில் அருகமர்ந்து, என்ன செய்கிறது என்று கேட்பான். அகத்திணைக் கல்வி அவ்வளவு செய்தாலே போதுமானது.